சாப்பிடக் கூப்பிடாத அண்ணை

சுவிஸில், திரிம்பாக் கோயிலில் திருவிழா நாட்களில் மத்தியானப் பூசை முடிந்ததும் ஒலிபெருக்கியில் ஒருவர் தொடங்குவார்: "அடியார்கள் எல்லாரும் அன்னதானத்துக்கு வாங்கோ, இருந்து சாப்பிட்டிட்டுப் போங்கோ." நல்ல குரல்தான். ஆனால் அதைக் கேட்டதும் நான் பந்திக்குப் போகாமல் பின்தங்கிவிடுவேன். "என்னப்பா, பசியில்லையோ?" என்று மனிசி கேட்பாள். "நீ போய் இரு, வாறன்" என்று சொல்லிவிட்டுச் சப்பாத்து கழற்றுகிற இடத்தில் கொஞ்ச நேரம் நிற்பேன். இத்தனை வருடத்தில் அவளுக்குக் காரணம் சொன்னதில்லை. சொல்லத் தொடங்கினால் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லவேண்டும். அவரைப் பற்றிச் சொல்லி முடிக்கவேண்டும் என்றால் என்னைப் பற்றியும் சொல்லவேண்டும்.

அவரை நாங்கள் அண்ணை என்றுதான் கூப்பிட்டோம். எண்பதுகளின் நடுப்பகுதி. அப்போது இங்கே கோயிலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. இரண்டு அறை வீட்டில் நாலு அகதிகள் இருந்தோம். ஆளுக்கு ஒரு கிழமை, ஏழு நாளும் சமையல். நான் போய்ச் சேர்ந்த கிழமை அண்ணையின் முறை. மெத்தையில் படுத்திருக்கிறேன், மீன்குழம்பு வாசம் வருகிறது, வாயூறுகிறது. கூப்பிடுவார் என்று பார்த்தால் ஆள் அடுப்பை அணைத்தார், சாப்பாட்டுக் கோப்பைகளை எடுத்து அடுக்கினார், பல்கனிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். மற்ற இருவரும் எழும்பிப் போய்ப் போட்டுச் சாப்பிட்டார்கள். நான் எழும்பவில்லை. எங்கள் பக்கத்தில் கூப்பிடாத பந்தியில் கைநனைக்கமாட்டோம். எனக்கு அந்த நாளில் ரோசமும் கொஞ்சம் கூட. இரண்டு நாள் பாணும் தண்ணியுமாகக் கிடந்தேன். மூன்றாம் நாள் ரோசத்தைப் பசி தின்றுவிட்டது.

"இவருக்கு என்ன தலைக்கனமோ?" என்று கூட இருந்த மட்டக்களப்பு நண்பனிடம் கேட்டேன்.

"அவர் ஒருத்தரையும் கூப்பிடமாட்டார். சமைப்பார், வைப்பார், போயிருவார். நீங்க போட்டுச் சாப்பிடுங்க" என்றான்.

தலைக்கனம் இல்லை என்று பிறகு தெரிந்தது. எனக்குக் காய்ச்சல் வந்தபோது தலைமாட்டில் கஞ்சி வைத்தார். நல்ல மீன்தலையை என் கோப்பையில் ஒளித்துவைப்பார். "சாப்பிட்டியோ?" என்று கேட்பார், அது வரும். "வா, சாப்பிட" என்ற சொல்தான் வராது. வீட்டுக்கு ஆட்கள் வந்தால் கோப்பையைக் கொண்டுபோய் அவர்களுக்கு முன்னால் வைத்துவிட்டு ஊமை மாதிரி நிற்பார். வந்தவர்கள் எங்களைப் பார்ப்பார்கள். நாங்கள்தான் "சாப்பிடுங்கோ, சாப்பிடுங்கோ" என்று ஈடுகட்டுவோம். அவர் தான் சாப்பிடும்போது வாசலுக்கு முதுகு காட்டி இருக்கமாட்டார். பாதி நாள் நின்றபடியே சாப்பாடு. எனக்குச் சில நாள் பத்திக்கொண்டு வரும். இருந்து தின்னத் தெரியாத மனிசன் என்று முகத்துக்கு நேரேயே சொல்லியிருக்கிறேன். சிரிப்பார்.

எனக்கும் அவருக்கும் ஒரே இடத்தில் வேலை. மஞ்சள் பஸ்ஸில் மலைக்கு ஏறினால் கடைசித் தரிப்பில் ஓர் உணவகம். கீழே ஓல்டன் நகரம் முழுக்க மூடுபனிக்குள் கிடக்கும் நாட்களில் அங்கே வெயில் அடிக்கும். முதலாளியை எல்லாரும் ஷெஃப் என்பார்கள். சத்தமான மனிசர், கெட்டவர் என்று சொல்லமாட்டேன். எனக்குத் தன் பழைய குளிர்ச்சட்டையைத் தந்தவர். வேட்டைக்காரர். சாப்பாட்டறைச் சுவர் முழுக்க மான்கொம்பு. இலையுதிர்காலம் வந்தால் சூரிச்சிலிருந்தெல்லாம் மான்கறி சாப்பிட ஆட்கள் வருவார்கள். அண்ணை கோப்பை கழுவுவார், நான் காய்கறி வெட்டுவேன். மிஞ்சிய மான்கறியை இருவரும் வழித்துத் தின்போம். அண்ணை மரக்கறிக்காரர் இல்லை, அதைச் சொல்லிவைக்கிறேன். அவரை ஒரு சாமியார் என்று ஒருவரும் நினைக்கவேண்டாம்.

ஒரு புரட்டாதி மாதம் ஷெஃப் அவரிடம் ஒரு வாளியைக் கொடுத்தார். அதற்குள் சாறு பிழிந்த ஆப்பிள் சக்கையும் சோளமும். காட்டோரத்தில் நாலு கால் வைத்த, கூரை போட்ட மரப்பெட்டி ஒன்று நிற்கும். பின்னேரத்தில் அதற்குள் இதைக் கொட்டவேண்டும், அகப்பையால் வாளியில் மூன்று தரம் தட்டவேண்டும், திரும்பி வரவேண்டும். சைகையிலேயே காட்டினார். ஏன் என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இதில் கேட்க என்ன இருக்கிறது? மாட்டுக்கு அகத்தி கொடுக்கிறவர்களையும் காகத்துக்குச் சோறு வைத்துவிட்டுச் சாப்பிடுகிறவர்களையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். வாயில்லாச் சீவனுக்கு ஒருவன் சாப்பாடு வைக்கிறான் என்றால் புண்ணியத்துக்குத்தான் வைக்கிறான். பெட்டிக்கு எதிரே ஐம்பது அடியில், ஏணி சாத்திய பரண் ஒன்று நின்றது. அதுவும் எங்கள் கண்ணில் பட்டதுதான். ஷெஃப்பிடம் தூரக்கண்ணாடி இருந்தது. ஆசைக்கு ஏறியிருந்து பார்ப்பாராக்கும் என்று நினைத்தோம். சமைக்கிற மான்கறி எல்லாம் வான் வண்டியில் பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது. அது வேறு மான், இது வேறு மான். புத்தி கெட்டவர்கள்.

"ஷெஃப் நல்ல மனிசன், தம்பி. பனி கொட்ட முதல் அதுகளின்ர வயித்தை நிரப்பிறான்" என்றார் அண்ணை.

அந்த ஒரு மாதம் அவர் இருந்த மாதிரி அதற்கு முன்னும் பின்னும் நான் அவரைக் காணவில்லை. மூன்று மான் வருகிறதாம். தாயும் இரண்டு குட்டிகளும். குட்டிகளுக்குப் புள்ளி அழிந்துவிட்டதாம். தாய்க்கு ஒரு காது கிழிந்திருக்கிறதாம். முதலில் மரத்துக்குள் நின்று எட்டிப் பார்த்ததுகள், இப்போது இருபது அடியில் வந்து நிற்கிறதுகளாம். கோப்பை கழுவிக்கொண்டே கதைப்பார், நான் வெங்காயத்தோடு அழுதுகொண்டே கேட்பேன். ஒரு நாள் நானும் கூடப் போனேன். கொட்டினார், தட்டினார். பிறகு வாயில் கையைக் குவித்துக்கொண்டு மெல்லமாக, "வாங்கோ... வாங்கோ... சாப்பிட வாங்கோ" என்றார்.

நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

"எங்களைக் கூப்பிட வாயில்லை, மானைக் கூப்பிட மட்டும் வாய் வருதோ?"

வெட்கப்பட்டுச் சிரித்தார். "அதுகளுக்கென்ன, தம்பி. அதுகளைப் பிடிக்க ஆமி வருமோ?"

நான் அதைப் பகிடி என்று எடுத்துக்கொண்டேன்.

வெடிச்சத்தம் கேட்டது ஐப்பசியில் ஒரு பின்னேரம். குசினியில் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்தக் காலத்தில் அங்கே அது வழமையான சத்தம்தான். கொஞ்சத்தில் அண்ணை பின்கதவால் வந்தார். கையில் வெறும் வாளி, அகப்பை இல்லை. முழங்காலில் சேறு. "வாளியை வையுங்கோ அண்ணை" என்றேன். விரல்கள் திறக்கவில்லை. நான்தான் ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தேன். அவருக்குப் பின்னால் ஷெஃப் முகமெல்லாம் மலர்ச்சியாக வந்து முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். இவனுடைய குரலுக்கு அது நாய்க்குட்டி மாதிரி வருகிறது, ஒரே வெடி, நோகாமல் போய்விட்டது என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். காது கிழிந்த தாய்.

"நான்தான் கூப்பிட்டன், தம்பி" என்றார் அண்ணை. "அது வரத் தயங்கி நிண்டது. நான் ரெண்டாந்தரம் கூப்பிட்டன்."

மறுநாள் மத்தியான இடைவேளையில், குசினிக்குப் பின்னால் போத்தல் பெட்டிகளின் மேல் இருந்து எல்லாம் சொன்னார். அவருக்கு ஒரு தம்பி. ஊரில் இராணுவம் இளம் பெடியளைப் பிடிக்கத் தொடங்கிய காலத்தில் அவன் பன்னிரண்டு நாள் வாழைத்தோட்டங்களுக்குள் ஒளிந்து திரிந்திருக்கிறான். பதின்மூன்றாம் நாள் வீட்டில் கூழ் காய்ச்சினார்கள். அண்ணை சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்த் தோட்டத்து வரம்பில் நின்று குரல் கொடுத்தார். அவன் வர யோசித்தான். "ஒழுங்கையில ஒரு குஞ்சு இல்லை, வா, ஒரு வாய் குடிச்சிட்டு ஓடு எண்டன்." வந்தான். முற்றத்தில் எல்லாரும் சுற்றி இருந்தார்கள். அவன் கூழ் வாங்க மடித்த பிலாவிலையை இரண்டாம் தரம் நீட்டுகிறபோது வேலி நாலு பக்கமும் சரிந்தது.

"பிலாவிலையைக் கையில பிடிச்சபடியே ட்ரக்கில ஏறினவன்" என்றார். "கீழ போடச் சொல்லி ஒருத்தரும் சொல்லேல்லை." அதற்குப் பிறகு அவனை ஒருவரும் காணவில்லை.

நான் ஐயோ கடவுளே என்று வாய்விட்டு அழுதேன். அவர் அழவில்லை. வாளியை இனித் தொடமாட்டேன் என்று ஷெஃப்பிடம் சொல்லச் சொன்னார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லவேண்டும். அண்ணைக்கு அப்போது நெகட்டிவ் வந்துவிட்டது. அகதி விண்ணப்பம் நிராகரிப்பு, கார்த்திகை முடிவுக்குள் நாட்டைவிட்டுப் போ. எனக்கும் அதே கிழமையில் வந்திருந்தது. எங்களைத் திருப்பி அனுப்பப்போகிறார்கள் என்று நாலு பேர் கூடுகிற இடமெல்லாம் இதே கதைதான். ஒரே ஒரு வழி இருந்தது. இந்த ஆள் இல்லாமல் என் கடை ஓடாது என்று முதலாளி அகதி விண்ணப்பம் பார்க்கிற கந்தோருக்கு ஒரு கடிதம் எழுதினால் சிலவேளை தவணை கொடுப்பார்கள். ஷெஃப் எழுதுவதாகச் சொல்லியிருந்தார். இரண்டு பேருக்கு எழுதினால் நம்பமாட்டார்கள், ஒருவருக்குத்தான் என்றும் சொல்லியிருந்தார். அந்த ஒருவர் அண்ணைதான் என்பது எல்லாருக்கும் தெரியும்.

அண்ணை இனி வாளியைத் தொடமாட்டார் என்பதை நான் மொழிபெயர்த்தேன். ஷெஃப்புக்குக் கோபம் வரவில்லை, வேடிக்கையாக இருந்தது. பக்கத்துப் பண்ணைக் கமக்காரனைக் காட்டினார். அந்தக் கிழவனும் வேட்டைக்காரன்தான். காட்டோரத்தில் மானுக்கென்றே ஒரு துண்டு நிலத்தில் குளோவர்ப் புல் விதைத்துவைத்திருந்தான். பெட்டி வைத்துச் சுடுவது வெட்கக்கேடு என்று எங்கள் உணவகத்துக்குள்ளேயே பியர் குடித்துக்கொண்டு சொல்லுகிறவன். "அவன் தீனியை மண்ணுக்குள்ள போடுறான், நான் பெட்டிக்குள்ள போடுறன். அவனும் அதிலதான் சுடுறான். என்ன வித்தியாசம் எண்டு உன்ர ஆளைக் கேள்" என்றார் ஷெஃப்.

எனக்கும் அதே கேள்விதான். அண்ணை யோசித்து யோசித்துச் சொன்னார்.

"அவன் விதைச்சுப்போட்டு வீட்ட போறான், தம்பி. மான் தன்ர பசிக்கு, தன்ர நேரத்துக்கு வருது. பிடிக்காட்டி வேற பக்கம் போகும். அதில அதுக்கு ஒரு கண் இருக்கு, ஒரு பயம் இருக்கு. இங்க அந்தப் பயத்தை நான்தான் எடுத்தனான். ஒரு மாசமா நிண்டு எடுத்தனான்."

"செத்த மானுக்கு ரெண்டும் ஒண்டுதானே அண்ணை."

"ஓம். மானுக்கு ஒண்டுதான். கூப்பிட்டவனுக்கு ஒண்டில்லை."

"ஊரில கிடாயை வளர்த்து, பேர் வைச்சுக் கூப்பிட்டு, வெட்டுறதில்லையோ?"

அண்ணை ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். பிறகு, "எனக்கு அதெல்லாம் தெரியாது. ஷெஃப்பிட்டச் சொல்லு, நானே நிலம் கொத்தி அந்தப் புல்லை விதைச்சுத் தாறன். அதில நிண்டு சுடட்டும், நான் ஒரு கதை கதைக்கமாட்டன். என்ர குரல் மட்டும் வேண்டாம்" என்றார்.

இவ்வளவையும் நான் எப்படி மொழிபெயர்த்தேன் தெரியுமா? "அவருக்குப் பெட்டி பிடிக்கவில்லையாம். புல் விதைக்கட்டுமா என்று கேட்கிறார்." என்னிடம் இருந்த ஜெர்மன் அவ்வளவுதான் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதில்லை. தம்பியின் கதையைச் சொல்ல எனக்குச் சொற்கள் இருந்தன. சாப்பாடு, கூப்பிடுதல், தம்பி, சிப்பாய். எல்லாம் முதல் மாதத்திலேயே படித்த சொற்கள். ஷெஃப் முகம் சுளிப்பார் என்று பயந்தேன். ஷெஃப் சிரித்தார். புல் வளர அடுத்த வருடம் ஆகும், ஆட்கள் இந்தக் கிழமை சாப்பிட வருகிறார்கள் என்றார். பெட்டிக்குப் போகிறவனுக்குத்தான் கடிதம் என்றும் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார்.

அண்ணை வேலையை விட்டு ஓடவில்லை. கோப்பைகளைக் கழுவினார். விடுமுறைத் திங்கட்கிழமைகளில் மஞ்சள் பஸ்ஸில் தனியாக மலைக்குப் போனார். கமக்காரக் கிழவனிடம் மண்வெட்டியும் ஒரு பை விதையும் வாங்கி, ஷெஃப்பின் பக்கத்துக் காட்டோரத்தில் கொத்தத் தொடங்கினார். இனி விதைத்தால் முளைக்காது, உறைபனி கொன்றுவிடும் என்று கிழவன் கையை விரித்துக் காட்டினானாம். இவர் கேட்கவில்லை. ஒரு திங்கட்கிழமை நான் போய்ப் பார்த்தேன். மண் கல்லாய் இறுகிக் கிடக்கிறது. கைக்குட்டையைக் கையில் சுற்றிக்கொண்டு கொத்துகிறார். கைக்குட்டை சிவந்திருக்கிறது. "உங்களுக்கு விசரே அண்ணை! கடிதம் போகுது, நாடு போகுது, நீங்கள் மானுக்குப் புல் விதைக்கிறியள்!" என்று கத்தினேன். பெட்டிப் பக்கம் பார்த்தார். "அந்தக் குட்டியள் ரெண்டும் இன்னும் வருதுகள், தம்பி. தட்டினாலே வருங்கள். இங்க புல் வந்தா அங்க போகத் தேவையில்லை" என்றார். நான் வேறு பக்கம் பார்த்தேன். அந்த வாளியை அப்போது தூக்கிக்கொண்டிருந்தவன் நான்.

ஓம், நான்தான். அவர் மறுத்த நாலாம் நாள் ஷெஃப் வாளியை என்னிடம் நீட்டினார், வாங்கினேன். யாரோ செய்யத்தான் போகிறார்கள், நான் செய்தால் என்ன என்று நினைத்தேன். எனக்கும் உயிர் இருக்கிறதே என்று நினைத்தேன். நான் குரல் கொடுப்பதில்லை, தட்டுவதோடு சரி என்று ஒரு ஒதுக்கமும் வைத்துக்கொண்டேன். அண்ணையோ, நான் வாளி கழுவ வந்தால் குழாயை விட்டு ஒதுங்கி இடம் விடுவார். அவர் ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்த விதை பாதி முளைத்தது. அடுத்த சித்திரையில் போய்ப் பார்த்தேன், ஒரு பாய் அகலத்துக்குப் பச்சையாகக் கிடந்தது. அண்ணை அப்போது இங்கே இல்லை. ஷெஃப் வந்து பார்த்துவிட்டு, வேலை தெரிந்த ஆள் என்று மெச்சினார். அடுத்த கிழமை பரணைப் பிரித்து அந்தப் புல்லைப் பார்த்தபடி திருப்பிக் கட்டினார். ஏணியைப் பிடித்தவன் நான்.

அண்ணை போனது கார்த்திகையின் கடைசி வெள்ளிக்கிழமை. ஊருக்குப் போகவில்லை. காட்டுப்பாதையால் பிரான்சுக்குள் இறக்கிவிட ஒருவன் வருவதாக ஏற்பாடு. அதற்குப் பிறகு அவர் எங்கே என்று எனக்குத் தெரியாது. லோசானில், பாரிஸில் என்று தெரிந்தவர்களிடமெல்லாம் விசாரித்துப் பார்த்துவிட்டேன். ஷெஃப் எனக்கென்று எழுதிய கடிதத்தின் பிரதி அன்றைக்கு மூன்று கிழமையாக என் சட்டைப்பைக்குள் இருந்தது. நான் அவரிடம் சொல்லவில்லை. அவருக்குத் தெரியும் என்பதும் எனக்குத் தெரியும்.

மற்ற இருவரும் வேலைக்குப் போய்விட்டார்கள். நான் அறைக்குள் மெத்தையில் கிடந்தேன். அண்ணை காலையிலிருந்தே அடுப்படியில். வாசம் வந்தது, கூழ். பனங்கிழங்கில் செய்கிற ஒடியல் மாவுக்கு இங்கே எங்கே போவது, அரிசிமாவில் கரைத்து, கடையில் வாங்கிய உறைந்த மீனைப் போட்டுக் காய்ச்சியிருந்தார். அடுப்பு அணைகிற சத்தம் கேட்டது. இனிப் பல்கனிக் கதவு திறக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். திறக்கவில்லை.

"தம்பி" என்றார். அறை வாசலில் நின்றார். "வா, வந்து குடி."

பதினாலு மாதத்தில் முதல் தரம். எனக்கு எழும்ப ஏலவில்லை. வெட்கமான கதை, சொல்கிறேன்: நான் அவருக்குப் பின்னால் பார்த்தேன். யன்னலால் தெருவைப் பார்த்தேன். பொலிசுக்குச் சொல்லியிருப்பாரோ, எனக்கு ஏதும் கலந்திருப்பாரோ என்று ஒரு கணம் நினைத்தேன். நான் செய்த வேலைக்கு என் புத்தி அப்படித்தான் போனது.

அவர் அதைக் கண்டார். "ஒருத்தரும் இல்லை, தம்பி. நான் பாத்திட்டன். பயப்பிடாம வா" என்றார்.

போய் இருந்தேன். பிலாவிலை இல்லை, கோப்பிக் குவளையில் ஊற்றித் தந்தார். அவர் இருக்கவில்லை. வீட்டு வாசற்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டி, மாடிப்படியைப் பார்த்தபடி நின்றார். கீழே யாரோ கதவு சாத்துகிற சத்தம் கேட்டால் கையைப் பின்னுக்கு நீட்டி, பொறு என்று காட்டுவார். பிறகு, "குடி, குடி" என்பார். இரண்டாம் தரமும் ஊற்றினார். நான் கடைசி வாயை விழுங்கிக் கையைக் கழுவும்வரை வாசலை விட்டு நகரவில்லை. அதற்குப் பிறகுதான் கதவைச் சாத்தினார், என்னைப் பார்த்தார், "குடிச்சிட்டியோ?" என்று கேட்டார்.

"ஓம் அண்ணை" என்றேன்.

"சரி" என்று சொல்லி, பானையைக் கழுவிக் கவிழ்த்துவைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

நான் மூன்று மணி பஸ்ஸைப் பிடித்து மலைக்குப் போனேன். நாலு மணிக்கு வாளியைத் தூக்கிக்கொண்டு காட்டோரத்துக்குப் போனேன். ஷெஃப் பரணில் இருந்தார். சக்கையைக் கொட்டினேன், மூன்று தரம் தட்டினேன். குட்டிகள் இரண்டும் மரத்தடிக்கு வந்து என்னைப் பார்த்துக்கொண்டு நின்றன. கிட்ட வரவில்லை. ஷெஃப் மேலிருந்து கையை அசைத்தார்.

"வாங்கோ" என்றேன்.